அறுபத்தைந்தாம் பக்கம்

வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் கம்பளி, கையில் தூக்குவாளி. சண்டை ஒன்றும் இல்லை. அந்த ஸ்டோரில் எட்டு மாதம் தங்கராசு என்ற பெயரில் வேலை பார்த்தேன். உண்மையான தங்கராசு மஞ்சள் காமாலைக்கு வைத்தியம் பார்க்கப் போடிக்குப் போயிருந்தார். புத்தகத்தில் பெயர் இருந்தால் அதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று மேஸ்திரி என்னை அதில் நிறுத்திவிட்டார். அன்று காலை தங்கராசு உடம்பு தேறி வந்து நின்றார். "தம்பி, வந்துட்டேன்ப்பா" என்றார். அவர் பெயரை அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கம்பத்துக்கு இறங்கும் பாதையில் வெயில் ஏறியபோதுதான் காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் வந்த ஒரு போன். நான் முப்பது வருடம் வேலை பார்த்த ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீசில் பழைய ஆவண அறையை மூடப்போகிறார்களாம். எல்லாக் கோப்பும் ஸ்கேன் ஆகிவிட்டது. "பேச்சியண்ணே, அந்த ரூமைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க. உங்களை விட்டா அதுக்குள்ள நடந்தது யாருக்குத் தெரியும்?" என்று அங்கே இருக்கும் பையன்கள் கேட்டார்கள். நான் ஏழாவது வரைதான் படித்தவன். தெரிந்ததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து ஒரு லாரியில் கிளீனராகப் பொள்ளாச்சிக்குப் போனேன். லாரி விற்றுப்போனதும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோப்பில் சேர்ந்தேன். அந்தத் தோப்புக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, "ஏனுங்க தம்பி, ஏழாவது வரைக்கும் படிச்சுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு இருக்கறீங்களே, பாலக்காட்டுல போயிப் பேரப் பதிஞ்சு வையுங்க" என்று சொல்லி, பஸ்ஸும் ஏற்றிவிட்டார். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து ஒன்றரை வருடம் கழித்துக் கார்டு வந்தது. ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீசில் தஃப்தரி வேலை. கோப்பு எடுத்துக் கொடுப்பது, கட்டுவது, அடுக்குவது. சீருடை கிடையாது, சிவில் உத்தியோகம். நேர்காணலில் ஒரு மேஜர் இருபது கோப்பை என் முன்னால் கலைத்துப் போட்டு எண்வரிசையில் அடுக்கச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், அர்த்தம் தெரியாது. அடுக்க அர்த்தம் தேவைப்படவில்லை.

மூன்று வாரம் பழக்கினார்கள். நாடாவை எப்படிக் கட்டுவது, குண்டூசி ஏன் கூடாது (துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும்), எலி எந்த மூலையில் வரும், மழைக்காலத்தில் எந்த ஜன்னலை எத்தனை மணிக்குச் சாத்துவது. அவ்வளவுதான் பயிற்சி. மற்றதெல்லாம் விசுவநாதன் சாப்.

விசுவநாதன் சாப் கல்பாத்திக்காரர். சுபேதார், ஆவண அறைக்குத் தலைமை. ராணுவத்தில் சுபேதார்களை எல்லாரும் சாப் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி ஆள். மூக்குக்கண்ணாடியைக் கோப்பு கட்டும் நாடாவிலேயே கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். கோப்பைத் தொடும் முன் கைகழுவி, கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் கிளார்க்கைப் பார்த்தால், "ஓய், அது ஒருத்தனோட ஜீவிதமாக்கும், வெத்தலை இல்லை" என்பார். தொலைந்துபோச்சு என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லக் கூடாது. "வேறே இடத்திலே இருக்கு, தேடு" என்பார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு சிப்பாய் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு கோப்பு உண்டு. முதல் தாளில் பெயர், தகப்பன் பெயர், ஊர், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு, பத்து விரல் ரேகை. பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனால், பிள்ளை பிறந்தால், காயம் பட்டால், பதவி உயர்ந்தால் அவன் இருக்கும் யூனிட்டிலிருந்து ஓர் உத்தரவு வரும். அதற்குப் பார்ட் டூ ஆர்டர் என்று பெயர். அது வந்து கோப்பில் ஏறாதவரை அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று கணக்கு. பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகு தன் கல்யாணத்தைக் கோப்பில் ஏற்றச் சொல்லி எழுதிய நாயக் ஒருவர் உண்டு. சாப் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "பாவம், இப்பத்தான் தைரியம் வந்திருக்கு" என்றார்.

ஒருநாள் அவரிடம், "சாப், எழுதறவரே பார்த்துக் கையெழுத்தும் போட்டா வேலை சீக்கிரம் முடியுமே?" என்று கேட்டேன்.

"முடியும்தான். எழுதறவன் ஒருத்தன், ஒத்துப் பாக்கறவன் ஒருத்தன், கையெழுத்துப் போடறவன் ஒருத்தன், காக்கறவன் ஒருத்தன். நாலும் ஒரே ஆளானா அது ரெக்கார்டு இல்லை, கதை. கேட்டயா பேச்சி, நீ காக்கறவன். உனக்கு எழுதவும் அதிகாரம் இல்லை, கிழிக்கவும் அதிகாரம் இல்லை."

அறையை விட்டு ஒரு கோப்பு வெளியே போனால், அது இருந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருக வேண்டும். யார் எடுத்தது, எதற்கு, எத்தனை பக்கம் என்று அதில் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் பக்கத்தை எண்ண வேண்டும். பக்க எண்ணைச் சிவப்பு மையில் சாப் தன் கையால்தான் போடுவார். இறந்துபோன சிப்பாயின் கோப்பில் கடைசி வரி எழுதும்போது மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று எழுதுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் நாங்களும் பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

நான் ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. இங்கே நின்றேன். அதற்கு அந்த மனிதர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி கணேசன் கோப்பு.

கணேசன் ஹவில்தார். தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் லயத்துப் பிள்ளை; லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு. பதினோரு வருட சர்வீஸ், ஒரு கறுப்புக் குறி கிடையாது. அவருடைய அம்மாவுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க அம்மாவைத் தன்னை நம்பி இருப்பவர் என்று பதிய வேண்டும். கணேசன் மனு போட்டார். வழக்கப்படி நாங்கள் தாலுகா ஆபீசுக்கு எழுதினோம், அவர்கள் எஸ்டேட்டைக் கேட்டார்கள். எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் தன் பதிவேட்டைப் பார்த்து நேர்மையாகப் பதில் எழுதிவிட்டார்: கணேசன் எங்கள் நிரந்தரத் தொழிலாளி, தாயாருடன் லயத்தில் குடியிருக்கிறார், பதினோரு வருடமாக ஒழுங்காக வேலைக்கு வருகிறார்.

அந்தக் கடிதத்துக்குச் சாப் சிவப்பு மையில் எண் போட்டார். அறுபத்து நான்கு.

ஆபீசில் ஒரே பரபரப்பு. கணேசன் எஸ்டேட்டில் இருக்கிறார் என்றால் எல்லையில் ஹவில்தாராக இருப்பவர் யார்? அடுத்தவர் பெயரில், அடுத்தவர் சான்றிதழில் ராணுவத்தில் சேர்ந்த ஆளா? அப்படியானால் உடுப்பைக் கழற்றிவிடுவார்கள், வழக்கும் வரும். மேஜர் கோப்பைத் தன் மேஜைக்குக் கேட்டார்.

கோப்பை எடுக்கப் போனவன் நான். கடிதத்தில் லயத்து எண், செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டு எண் எல்லாம் இருந்த வரிசையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நானும் அந்த மலையில் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். வேலை இருக்கும்வரைதான் வீடு. அம்மா கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனால் பிள்ளைகளில் ஒருவர் செக்ரோலில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அண்ணன் பெயரில் தம்பி நிற்பது, அக்கா பெயரில் தங்கை நிற்பது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. சூப்ரவைசருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், மைல்கல்லுக்குக்கூடத் தெரியும். புத்தகத்துக்கு மட்டும் தெரியாது.

அலமாரியிலிருந்து சாப் மேஜைக்கு முப்பது அடி இருக்கும். பாதி வழியில் அறுபத்து நான்காம் பக்கத்தை உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மா முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரி அம்மாக்களைத் தெரியும்.

சாப் கைகழுவி, விரல்களைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். "அறுபத்திமூணு" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். "எனக்குக் கண்ணு சரியில்லை. நீ ஒரு தரம் எண்ணிப் பாரேன். நான் போய் மூஞ்சி கழுவிண்டு வரேன்."

திரும்பி வந்தபோது அறுபத்து நான்கு இருந்தது. உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"பேச்சி, இதை எடுத்துட்டா நாளைக்கு எஸ்டேட்டிலேர்ந்து நகல் வரும். அப்போ அவனும் போவான், நீயும் போவாய். நான் உங்க ரெண்டு பேரோட கோப்பையும் வச்சுண்டு உக்காந்திருக்கணும். அது எனக்கு வேண்டாம். ஒரு கடுதாசு தப்புன்னா அதுக்கு மேலே இன்னொரு கடுதாசு வைக்கணும். அதுக்குத்தான் வழி இருக்கு. சொல்லு, அங்கே வேலை பாக்கறவன் யாரு?"

"தம்பியா இருக்கும் சாப்."

"இருக்கும்னா கோப்பிலே ஏறாது. அவனே எழுதித் தரணும். விரல் ரேகையோட."

"எழுதிக் குடுத்தா அவங்களுக்கு வீடு போயிரும் சாப்."

"அப்போ அதையும் அவாகிட்டே சொல்லு. மறைக்காதே. சொல்லிட்டு, அவா என்ன சொல்லறாளோ அதைக் கொண்டு வா" என்றார். அன்று மாலையே மேஜரைப் பார்த்து, தபாலில் போக வேண்டிய விசாரணைக் கடிதத்தை என் கையில் கொடுத்தனுப்ப உத்தரவு வாங்கிவிட்டார். சட்டைக்குள் போய் வந்த காகிதத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்.

லயத்துக்குப் போனபோது நல்ல மழை. வீட்டைக் கேட்டதும் அடுத்த வீட்டு ஆள், "ஆரு, பட்டாளத்தாரா? இந்தா கவ்வாத்துக் கத்தி தீட்டுதாருல்ல, அவருதான்" என்று சொல்லிச் சிரித்தார். தம்பியை லயம் முழுக்கப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊருக்குள் அது கேலி, செக்ரோலில் அதுவே நிஜம். அவர் பெயர் முருகேசன். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் அந்த எஸ்டேட்டிலேயே கெட்டிக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அண்ணனுக்கு வேலை போட்டுக் குடுத்து ஆறு மாசம்கூட ஆகலண்ணே, பட்டாளத்துல எடுத்துட்டாக. எனக்கு அப்பம் பதினாறு வயசு. பேரு ஏத்த மாட்டேன்னுட்டாக. பதினெட்டு ஆகுத வரைக்கும் நீ நில்லு, பொறவு மாத்திக்கிடலாம்னு சூப்ரவைசரே சொன்னாரு" என்றார் முருகேசன்.

"பொறவு?"

"பதினெட்டு ஆகயில கம்பெனி நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கதையே நிறுத்திட்டாக. எங்க மாத்துதது?"

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "ஏய்யா, எனக்கு வைத்தியமே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன். அந்த மனுவைக் கிழிச்சுப் போடச் சொல்லேன்."

"மனுவை வாங்கிக்கிடலாம்மா. எஸ்டேட் கடுதாசி கோப்புல இருக்கும். அது போகாது."

"அதையும் கிழிச்சாத்தான் என்ன? நீ நம்ம ஆளுதான?"

"முயற்சி பண்ணினேம்மா. நடக்கல" என்றேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மருமகளைக் காப்பி போடச் சொன்னார்.

முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் அண்ணன் பெயர் செக்ரோலிலிருந்து போகும். இவர் பெயர் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. பதினோரு வருடம் வேலை பார்த்ததாகவே இருக்காது. வீட்டுக்கு உரிமை இருக்காது. எழுதிக் கொடுக்காவிட்டால் அண்ணன் உடுப்பு போகும்.

"ரெண்டுல ஒண்ணுதானா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்."

அவர் வெளியே போய் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டினார். ஏற்கெனவே தீட்டிய கத்திதான். காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தாளைக் குடுங்க. நான் கணேசன் இல்லைன்னு எழுதணும், அம்புட்டுத்தான?" என்றார்.

"நீங்க யாருன்னும் எழுதணும்."

மெதுவாக எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் கை தானாகக் கணேசன் என்று போட்டுவிட்டது. பதினோரு வருடம் சம்பளத்துக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார். "ஐயையோ, தாளைக் கெடுத்துட்டேனே" என்று எச்சில் தொட்டு அழிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். "அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிங்க, அடியில இருக்கது தெரியணும். பக்கத்துல சரியான கையெழுத்தப் போடுங்க." போட்டார். முருகேசன். சின்னப் பிள்ளை எழுதின மாதிரி கோணலாக இருந்தது. அம்மா தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், அந்த இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் தேவிகுளம் தாலுகா ஆபீசில் அதிகாரி முன்னால் பத்து விரல் ரேகையும் வைத்தார். மத்தியானம் எஸ்டேட் ஆபீஸ். ரைட்டர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஏலே, இத்தனை வருசம் கழிச்சு என்னை ஏம்லே மாட்டிவிடுத? ஒன் கலியாணப் பத்திரிகையில முருகேசன்னு போட்டிருந்தத நாந்தான பிழை திருத்திக் குடுத்தேன்?" என்றார். மானேஜர் துரை கோபப்பட்டார், பிறகு கோபம் தணிந்தார். கணேசன் பெயர் அடிக்கப்பட்டது. லயத்தைக் காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். வேண்டுமானால் முருகேசன் மறுநாள் காலையிலிருந்து தற்காலிக ஆளாக வரலாம் என்றார்கள்.

அதன் பிறகு கோப்பில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளுக்குச் சாப் அறுபத்தைந்து என்று எண் போட்டார். ரேகைகள் ஒத்துப் பார்க்கப்பட்டன. எல்லையில் இருப்பவர்தான் கணேசன் என்று மேஜர் கையெழுத்திட்டார். அம்மாவின் பெயர் பதிவாயிற்று, வைத்தியமும் நடந்தது. கணேசன் சுபேதாராகி ஓய்வு பெற்றார். குடும்பம் மூணாறு காலனியில் வாடகைக்குப் போனது. அந்த வாடகையைக் கடைசிவரை அண்ணன்தான் கொடுத்தார் என்று கேள்வி. சாப் ஓய்வுபெற்ற அன்று அறைச் சாவியை என்னிடம் தரும்போது, "எல்லாக் கோப்பையும் எண்ணியாச்சா?" என்று கேட்டார். "எண்ணியாச்சு சாப்" என்றேன். "உன் கோப்பையும் நான் எண்ணி வச்சிருக்கேன்" என்றார். பையன்களே, கணேசன் கோப்பின் அறுபத்தைந்தாம் பக்கமும் ஸ்கேன் ஆகியிருக்கும். அடித்த கோடு தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த எஸ்டேட்டை விட்டுக் கிளம்பியது முருகேசன் எழுதிக் கொடுத்த மூன்றாம் நாள் காலையில். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவருடன் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் மஸ்டர் நடக்கும் இடத்துக்குப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் இடுப்பில் கட்டும் படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். சூப்ரவைசர் நிரந்தர ஆட்களின் பெயரைப் படித்துக்கொண்டு வந்தார். கணேசன் வரவேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். முருகேசன் வாயைத் திறந்து மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

தற்காலிக ஆட்கள் கடைசியில். "முருகேசன்" என்றார் சூப்ரவைசர்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பின்னால் நின்ற ஓர் அக்கா, "எலேய் பட்டாளம், ஒன்னத்தாம்லே கூப்பிடுதாக!" என்று முதுகில் ஒரு குத்து விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"வந்திருக்கேன்" என்றார்.

புது ஆளுக்குக் கவ்வாத்து கொடுப்பதில்லை, அது எஸ்டேட் வழக்கம். சூப்ரவைசர் சங்கடப்பட்டுக்கொண்டே நோட்டைப் பார்த்தபடி, "நர்சரிக்குப் போப்பா" என்றார். முருகேசன் தீட்டிய கத்தியைச் சாக்கில் சுற்றி, அந்தப் பக்கம் போன ஒருவரிடம் வீட்டில் கொடுக்கச் சொன்னார். பிறகு அந்த வாரம்தான் சேர்ந்த நாலு பெண்களோடு நாற்றங்காலில் உட்கார்ந்து, நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்ப ஆரம்பித்தார்.